நிலைக்குமா, சரியுமா: நிறுவ எந்த வழியை எடுப்பது?

மெத்தைக்கு மேலாக ஒரு கைபேசியைச் சுழற்றி எறிந்து பிடித்துப் பாருங்கள். திரை வானம் பார்க்க, தட்டு சுற்றுவதுபோல் சுற்றிவிட்டால் அப்படியே சுற்றிக்கொண்டு வந்து கையில் விழும். நீளவாக்கில் பென்சிலை உருட்டுவதுபோல் சுற்றிவிட்டாலும் பிசகாது. மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் இடம் மாறிக் குட்டிக்கரணம் அடிக்கும்படி எறிவதுதான் வில்லங்கம். எத்தனை கவனமாக எறிந்தாலும் பாதி வழியில் பக்கவாட்டில் ஒரு புரட்டு புரண்டு, திரை வர வேண்டிய இடத்தில் முதுகு வந்து நிற்கும்.

இந்த மூன்று சுழற்சிகளும், கெட்டிப் பொருளின் சுழற்சியை விவரிக்கும் ஆய்லரின் சமன்பாடுகளுக்குத் தீர்வுகள்தான். மூன்றிலும் கோண உந்தம் கைபேசியோடு ஒட்டிய அச்சுகளில் அசையாமல் நிற்கிறது. அதாவது மூன்றும் சமநிலைகள். இரண்டு நிலைக்கின்றன, ஒன்று சரிகிறது. கண்ணுக்குத் தெரியும் இதைக் காகிதத்தில் நிறுவ ஐந்து வழிகள் புழக்கத்தில் உள்ளன: சமநிலைக்கு அருகே சமன்பாட்டை நேரியலாக்கி ஐகென் மதிப்பு (சிறு விலகல் வளரும் அல்லது தேயும் வீதம்) பார்ப்பது, லியாபுனோவ் சார்பு கட்டுவது, ஆற்றலோடு மாறா அளவுகளைச் சேர்த்துப் பார்ப்பது, கே.ஏ.எம். (கோல்மகரோவ், ஆர்னால்ட், மோசர்) தேற்றத்தை அழைப்பது, கணினியில் ஓட்டுவது. முதுகலைப் பாடம் பெரும்பாலும் முதல் வழியோடு நின்றுவிடுவதால், ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் எல்லாக் கணக்குக்கும் அதையே நீட்டுகிறார்கள். எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: சரிவை நிறுவ ஐகென் மதிப்பு, நிலைப்பை நிறுவ ஆற்றல். மற்ற மூன்றும் இவை கைவிடும் இடங்களுக்கு.

எதைப் பொறுத்து நிலைப்பு?

வழியைத் தேர்வதற்கு முன்னால் கேள்வியையே திருத்த வேண்டியிருக்கிறது. தட்டுபோல் சுற்றும் கைபேசியை 1 சதவீதம் கூடுதல் வேகத்தில் சுற்றிவிட்டதாக வைத்துக்கொள்வோம். 50 சுற்று முடிந்ததும் அது அரைச் சுற்று முன்னே போயிருக்கும். தலை இருக்க வேண்டிய இடத்தில் வால் இருக்கும். அருகில் தொடங்கிய தீர்வு எப்போதும் அருகிலேயே இருக்க வேண்டும் என்று லியாபுனோவ் கொடுத்த வரையறையை எழுத்துக்கு எழுத்து எடுத்தால் இது நிலைப்பே இல்லை. ஆனால் யாரும் இதைச் சரிவு என்று சொல்வதில்லை. அச்சு விலகவில்லை, கோணம் மட்டும் முந்திவிட்டது.

இங்கேதான் குலச் செயல் உள்ளே வருகிறது (குலம் என்பது ஒரு சமச்சீரின் நகர்த்தல்கள் எல்லாம் சேர்ந்த தொகுப்பு). கைபேசியின் எல்லா நிலைகளும் அடங்கிய வெளியின்மேல் முப்பரிமாணச் சுழற்சிக் குலம் செயல்படுகிறது. எந்தத் தீர்வையும் எடுத்து முழுதாகத் திருப்பி வைத்தால் அதுவும் தீர்வு. ஆகவே ஒரு தனிப் புள்ளியின் அருகே நிற்கிறதா என்று கேட்காமல், அந்தப் புள்ளியைக் குலம் இழுத்துச் செல்லும் பாதை முழுவதற்கும் அருகே நிற்கிறதா என்று கேட்க வேண்டும். அதிலும் முழுக் குலம் தேவையில்லை. கோண உந்தத்தின் திசை விண்வெளியில் மாறாது என்பதால், அந்தத் திசையைச் சுற்றிய சுழற்சிகளை மட்டும் மன்னித்தால் போதும். ஜார்ஜ் பேட்ரிக் 1992-இல் நிறுவிய முடிவின் சாரம் இதுதான்: உந்தத்தை மாற்றாத உட்குலம் கச்சிதமானதாக (சுழற்சிகளைப்போல் முடிவிலிக்கு ஓடாமல் அடங்கியதாக) இருந்தால், விலகல் அந்த உட்குலத்தின் வழியாக மட்டுமே நடக்கும். கச்சிதம் என்ற நிபந்தனையை லேசாக விட்டுவிடக் கூடாது. நீருக்கடியில் போகும் ஊர்திக்கு இடப்பெயர்ச்சியும் சமச்சீரில் சேர்ந்துவிடுகிறது, குலம் கச்சிதமாக இல்லை. அங்கே எந்தத் திசையில் எவ்வளவு நழுவலாம் என்பதையே தனியாகக் கணக்கிட வேண்டும். லெனார்டும் மார்ஸ்டனும் 1997-இல் செய்தது அந்த வேலைதான்.

நடைமுறையில் இதன் பயன், பூச்சியங்களை எண்ணுவது. மூன்று ஒரே மாதிரியான அலையிகளை (சீரான தாளத்தில் சுற்றும் அமைப்புகளை), கட்ட வித்தியாசத்தின் சைனால் பிணைக்கும் குராமோட்டோ முறையில் ஒன்றோடொன்று பிணைத்தால், மூன்றும் ஒத்துப்போகும் நிலையில் ஐகென் மதிப்புகள் 0, −க, −க என்று வரும். க என்பது பிணைப்பின் வலிமை. பூச்சியத்தைப் பார்த்ததும் ‘முடிவு சொல்ல முடியாது’ என்று எழுதிவிட்டு நகர்கிறவர்கள் உண்டு. அந்தப் பூச்சியம் பயமுறுத்தும் பூச்சியம் இல்லை. மூன்று கட்டங்களையும் ஒரே அளவு தள்ளினால் எதுவும் மாறாது என்ற சமச்சீரின் நிழல் அது. குலத்தின் பாதை எத்தனை பரிமாணமோ அத்தனை பூச்சியங்களைக் கழித்துவிட்டு, மிச்சம் எல்லாம் எதிர்க்குறியாக இருந்தால் பாதை முழுவதுமாக ஈர்க்கும் நிலை. கழித்த பிறகும் ஒரு பூச்சியம் மிஞ்சினால் அப்போது கவலைப்படலாம். இரண்டு அலையிகளின் இயல்பு வேகங்களின் வித்தியாசம் பிணைப்பு வலிமைக்குச் சரியாகச் சமமாகும்போது மிஞ்சுவது அப்படிப்பட்ட பூச்சியம். அதற்கு மேல் அவை ஒத்துப்போகவே போகாது.

ஹாமில்டோனியன் எனப்படும், உராய்வற்று ஆற்றல் மாறாத அமைப்புகளில் பூச்சியங்கள் இரட்டையாக வரும்: குலத்தின் திசைக்கு ஒன்று, அதன் இணையான உந்தத்துக்கு ஒன்று. இரண்டும் ஒரே ஜோர்டான் கட்டத்தில் (மேலும் பிரிக்க முடியாத அணித் துண்டில்) மாட்டிக்கொள்வதால்தான் மேலே சொன்ன கோண வித்தியாசம் காலத்தோடு நேர்விகிதத்தில் வளர்கிறது. எண்கணிப்பு மென்பொருள் இந்த இரட்டைப் பூச்சியத்தைப் பிளந்து, பத்துக் கோடியில் ஒரு பங்கு பிழையைப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள மெய்ப்பகுதியாகக் காட்டும் (வர்க்கமூலம் எடுத்தால் வரும் வீக்கம் அது). அதைச் சரிவு என்று எழுதி வைப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

ஐகென் மதிப்பு: மலிவு, ஆனால் ஒருபக்கக் கத்தி

செய்முறை எல்லோருக்கும் தெரிந்ததே. சமநிலைப் புள்ளியில் பகுதி வகைக்கெழுக்களின் அணியை எழுது, ஐகென் மதிப்புகளைக் காண். ஒன்றின் மெய்ப்பகுதியாவது நேர்க்குறியாக இருந்தால் சரிவு. எல்லாமே எதிர்க்குறி என்றால் நிலைப்பு, அதுவும் ஈர்க்கும் வகை. இரண்டும் இல்லையென்றால் வாயைத் திறக்காது.

கைபேசிக்குப் போட்டுப் பார்க்கலாம். 160 × 75 × 8 மில்லிமீட்டர் அளவுள்ள சீரான கட்டி என்று கொண்டால், மூன்று அச்சுகளின் நிலைமத் திருப்புத்திறன்கள் 31225, 25664, 5689 என்ற விகிதத்தில் இருக்கும் (அச்சுக்குக் குறுக்கான இரண்டு அளவுகளின் வர்க்கங்களின் கூட்டல்). குட்டிக்கரண அச்சு நடுவில் உள்ளது, 25664. அதற்கான ஐகென் மதிப்பின் வர்க்கம், சுழல் வேகத்தின் வர்க்கத்தை இந்த எண்ணால் பெருக்கியது: (31225 − 25664) × (25664 − 5689) ÷ (31225 × 5689), அதாவது சுமார் 0.625. வர்க்கமூலம் 0.79. ஒரு முழுச் சுற்றில் சிறு பிசகு எவ்வளவு பெருகும்? 0.79-ஐ 6.28-ஆல் பெருக்கி அடுக்கில் வைத்தால் சுமார் 144 மடங்கு. எறியும்போது கை ஒரு பாகை பிசகினாலே, ஒரு சுற்று முடிவதற்குள் நேரியல் கணக்கு செல்லாத அளவுக்குப் போய்விடுகிறது. கவனமாக எறிந்தும் பயனில்லாததன் காரணம் இந்த 144.

இனி அதே அணியைத் தட்டுச் சுழற்சிக்குப் போடுங்கள். ஐகென் மதிப்புகள் 0-வும், சுழல் வேகத்தின் 0.986 மடங்கு கொண்ட ஒரு கற்பனை ஜோடியும். மெய்ப்பகுதி எங்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை. இது தற்செயல் அன்று. ஹாமில்டோனியன் அமைப்பில் ஒரு ஐகென் மதிப்பு இருந்தால் அதன் எதிர்க்குறியும் இருந்தே தீரும். ஆகவே எல்லாம் எதிர்க்குறியாக அமையும் நல்ல நிலை ஒருபோதும் வராது. அங்கே ஐகென் மதிப்பால் சரிவை நிறுவலாம், நிலைப்பை நிறுவவே முடியாது.

‘எல்லாம் கற்பனைதானே, நடைமுறையில் நிலைப்புத்தான்’ என்று சமாதானம் சொல்லிக்கொள்வதும் ஆபத்து. 1920-களில் செர்ரி காட்டிய உதாரணத்தில் இரண்டு அலையிகள் 1-க்கு 2 என்ற அதிர்வெண் விகிதத்தில், எதிரெதிர் ஆற்றல் குறிகளோடு, மூன்றாம் படி உறுப்பால் பிணைந்திருக்கின்றன. நேரியல் கணக்கில் எல்லாத் தீர்வுகளும் அடங்கி ஒடுங்கிச் சுற்றுகின்றன. முழுச் சமன்பாட்டில், ஆதிப்புள்ளிக்கு எவ்வளவு அருகில் வேண்டுமானாலும் தொடங்கி முடிவுள்ள நேரத்தில் முடிவிலிக்கு ஓடும் தீர்வுகள் இருக்கின்றன.

இன்னொரு பொறி, காலத்தோடு மாறும் அணிகள். ஒவ்வொரு நொடியிலும் அணியை உறையவைத்து ஐகென் மதிப்பு பார்ப்பது கட்டுப்பாட்டுப் பொறியியலில் பழகிப்போன பழக்கம். மார்க்கஸும் யமாபேயும் 1960-இல் கொடுத்த 2 × 2 அணியில் ஐகென் மதிப்புகளின் மெய்ப்பகுதி எல்லா நேரத்திலும் −0.25. ஆனாலும் அதற்கு ஒரு தீர்வு ஒவ்வொரு இரண்டு நொடிக்கும் 2.7 மடங்கு பெருத்துக்கொண்டே போகிறது. காலமுறையில் திரும்பும் அணிக்கு ஃப்ளோக்கே பெருக்கிகளை (ஒரு முழுக் காலமுறையில் விலகல் பெருகும் மடங்குகளை) கணக்கிடுங்கள். உறைந்த ஐகென் மதிப்பை நம்பாதீர்கள்.

லியாபுனோவ் சார்பு

உராய்வு இருக்கும் அமைப்பென்றால் முதலில் கை போக வேண்டியது இங்கேதான். லியாபுனோவ் 1892-இல் முன்வைத்த எண்ணம் எளிது: சமநிலையில் பூச்சியமாகவும் சுற்றிலும் நேர்க்குறியாகவும் இருந்து, இயக்கத்தின் வழியே குறைந்துகொண்டே வரும் ஒரு சார்பைக் கண்டுபிடி. கஷ்டம் முழுவதும் ‘கண்டுபிடி’ என்ற சொல்லில் இருக்கிறது.

ஊசலை எடுப்போம். கோண முடுக்கம் + 0.2 × கோண வேகம் + சைன்(கோணம்) = 0. ஆற்றலைச் சார்பாக வைத்தால் அதன் மாறுவீதம் −0.2 × வேகத்தின் வர்க்கம். வேகம் பூச்சியமாகும் கணங்களில் இதுவும் பூச்சியம். ஊசல் ஓரத்தில் ஒரு நொடி நிற்கும்போதெல்லாம் ஆற்றல் குறைவதும் நிற்கிறது. ஆகவே இந்தச் சார்பு நிலைப்பை நிறுவும், கீழே வந்து அடங்கும் என்பதை நேராக நிறுவாது. அதற்கு லாசால் கோட்பாடு தேவை: ஆற்றல் குறையாத இடங்களுக்குள்ளேயே முழுநேரமும் தங்கக்கூடிய தீர்வு சமநிலை மட்டுமே என்று காட்டினால் போதும். பர்பாஷினும் கிராசோவ்ஸ்கியும் 1952-லேயே இதன் ஒரு வடிவத்தைக் கொடுத்துவிட்டார்கள்.

லாசால் வழி அழகானது, ஆனால் வேகம் சொல்லாது. எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்று வேண்டுமென்றால் ஒரு குறுக்கு உறுப்பைச் சேர்க்க வேண்டும்: ஆற்றல் + 0.1 × வேகம் × சைன்(கோணம்). இப்போது மாறுவீதம் எல்லாத் திசையிலும் கண்டிப்பாக எதிர்க்குறி. சமநிலை அருகே கணக்கிட்டால் சார்பு ஒரு நொடிக்கு 0.16 என்ற வீதத்திலாவது குறைகிறது என்ற உத்தரவாதம் கிடைக்கும். ஐகென் மதிப்பு சொல்லும் உண்மையான வீதம் 0.2. குறுக்கு உறுப்பின் கெழுவைக் கண்டபடி ஏற்றக் கூடாது. உராய்வு 0.2 என்றால் கெழு 0.198-ஐத் தாண்டியதும் மாறுவீதத்தின் குறி கெட்டுவிடும். பாதிக்குப் பாதி, அதாவது உராய்வின் அரைப்பங்கை வைத்துத் தொடங்குவது நல்ல பழக்கம்.

இந்த வழியின் பெரிய லாபம், எவ்வளவு தூரம் வரை தள்ளினால் திரும்பி வரும் என்ற பரப்பையும் சேர்த்தே கொடுத்துவிடுவது. ஐகென் மதிப்பு அந்தப் பரப்பைப் பற்றி மூச்சுவிடாது.

ஆற்றலும் காசிமிரும்: சமச்சீர் உள்ள இடத்தில் ராஜபாட்டை

உராய்வில்லை, சமச்சீர் இருக்கிறது என்றால் எங்கள் முதல் தேர்வு இது. ஆர்னால்ட் 1960-களின் நடுவில் பாய்மங்களுக்குக் கொடுத்த வழி. பின்னால் மார்ஸ்டன், சைமோ முதலானோர் ஆற்றல்–உந்த முறையாக விரித்தார்கள்.

கைபேசிக்குச் செய்முறை இப்படி. கோண உந்தத்தின் நீளம் மாறாது, அதுதான் காசிமிர். ஆற்றலோடு, அந்த நீளத்தின் வர்க்கத்தில் பாதியைச் சார்ந்த ஏதாவது ஒரு சார்பைக் கூட்டு. முதல் படி: கூட்டுத்தொகையின் முதல் வகைக்கெழு சமநிலையில் பூச்சியமாகும்படி அந்தச் சார்பின் முதல் வகைக்கெழுவைத் தேர்ந்தெடு; அது சுழலும் அச்சின் நிலைமத் திருப்புத்திறனின் தலைகீழுக்கு எதிர்க்குறி. இரண்டாம் படி: இரண்டாம் வகைக்கெழு அணியை எழுது. அது மூலைவிட்ட அணியாக வந்துவிடும். சுழலும் அச்சின் திசையில் உள்ள உறுப்பின் குறியை நாம் விரும்பியபடி வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் சார்பின் வளைவு நம் கையில். மற்ற இரண்டு உறுப்புகள், ‘அந்த அச்சின் தலைகீழ் − சுழலும் அச்சின் தலைகீழ்’. தட்டுச் சுழற்சியில் சுழலும் அச்சுதான் பெரியது, ஆகவே இரண்டும் நேர்க்குறி. பென்சில் சுழற்சியில் இரண்டும் எதிர்க்குறி. குட்டிக்கரணத்தில் ஒன்று நேர், ஒன்று எதிர். முதலிரண்டிலும் நிலைப்பு நிறுவப்பட்டுவிட்டது. ஐந்தே வரிகள், நேரியலாக்கம் எதுவும் இல்லை.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். ‘எல்லாம் எதிர்க்குறி’ என்பதும் கணிதத்தில் நிலைப்புத்தான். மலை உச்சியில் நிற்கும் புள்ளியும் ஆற்றல் மாறாதவரை அங்கேயே சுற்றும். ஆனால் நிஜப் பொருளில் உராய்வு ஒட்டிக்கொண்டே வரும். 1958 ஜனவரி 31 அன்று ஏவப்பட்ட எக்ஸ்புளோரர் 1 நீண்ட குழல் வடிவம். பென்சில்போல் நீளவாக்கில் சுழலும்படி விடப்பட்டது. கெட்டிப் பொருளுக்கு அது நிலையான சுழற்சி. ஆனால் செயற்கைக்கோளின் பக்கவாட்டில் வளையும் உணர்கம்பிகள் இருந்தன. அவை அசைய அசைய ஆற்றல் வெப்பமாக வடிந்தது. கோண உந்தம் வடியவில்லை. உந்தம் மாறாமல் ஆற்றல் மட்டும் குறைந்தால் போக ஒரே இடம்தான், ஆற்றல் மிகக் குறைந்த அச்சு. சில மணி நேரத்துக்குள் அது தட்டாமாலை சுற்றத் தொடங்கிவிட்டது. நம் கைபேசி அளவில் சொன்னால், அதே உந்தத்துக்குப் பென்சில் சுழற்சியின் ஆற்றல் தட்டுச் சுழற்சியைப்போல் 5.5 மடங்கு. வடிவதற்கு அவ்வளவு ஆற்றல் காத்திருக்கிறது. அன்று முதல் ஆற்றலை இழக்கும் எந்தச் செயற்கைக்கோளையும் பெரிய அச்சில் மட்டுமே சுழலவிடுவது என்ற விதி வழக்கமானது.

ஆகவே குறியைக் கண்டிப்பாக எழுதி வையுங்கள். நேர்க்குறியால் வந்த நிலைப்பு உராய்வைத் தாங்கும். எதிர்க்குறியால் வந்தது தாங்காது. கலப்புக் குறியோடு ஐகென் மதிப்புகள் எல்லாம் கற்பனையாக இருந்தால், சிறிது உராய்வே அதைச் சரித்துவிடும். கடைசியில் சொன்னதைப் பொது நிபந்தனைகளோடு ப்ளாக், கிருஷ்ணபிரசாத், மார்ஸ்டன், ரத்தியு ஆகிய நால்வரும் 1994-இல் நிறுவினார்கள். வானியலில் இதற்கு மூத்த உதாரணம் உண்டு. தன்னீர்ப்பால் சுழலும் சீரான திரவக் கோளம் தட்டையாகிக்கொண்டே போனால், மையப்பிறழ்வு (தட்டையாதலின் அளவு, கோளத்துக்கு 0) 0.8127 வரை எல்லா வகையிலும் நிலைப்பு; 0.9529-ஐத் தாண்டினால் உராய்வே இல்லாவிட்டாலும் சரிவு. இடைப்பட்ட பகுதியில் பாகுத்தன்மை இல்லையென்றால் நிற்கும், இருந்தால் மெல்லச் சரியும். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1960-களில் இந்த வடிவங்களை விரிவாக ஆராய்ந்தார். ஈர்ப்பலை உமிழ்வும் இதேபோல் சரிக்க முடியும் என்று 1970-இல் காட்டியதும் அவரே.

இந்த முறையின் மற்றொரு கண்ணி: பாய்மம் போன்ற முடிவிலிப் பரிமாண அமைப்புகளில் இரண்டாம் வகைக்கெழு நேர்க்குறி என்பது மட்டும் போதாது. ஆர்னால்டே குவிவு மதிப்பீடுகளைத் தனியாகப் போட்டுத்தான் முடித்தார். அந்தப் பத்தியை விட்டுவிட்டு ‘நேர்க்குறி, ஆகவே நிலைப்பு’ என்று எழுதினால் மதிப்பாய்வாளர் திருப்பி அனுப்புவார், அனுப்பவும் வேண்டும்.

கே.ஏ.எம்.: குறி கலந்துவிட்டால்

சில சமநிலைகளில் ஆற்றலின் குறி கலந்தே தீரும், உராய்வும் இல்லை. புகழ்பெற்றது, இரண்டு பெரிய பொருள்களோடு சமபக்க முக்கோணம் அமைக்கும் லக்ராஞ்சு புள்ளி, எல்-4. சிறிய பொருளின் நிறைப் பங்கைப் ப என்போம். ஐகென் மதிப்புகள் கற்பனையாக இருக்க 27 × ப × (1 − ப) ஒன்றுக்குக் குறைவாக இருக்க வேண்டும், ப 0.0385-க்குக் கீழே. சூரியன்–வியாழனுக்கு ப 0.00095, பூமி–நிலாவுக்கு 0.01215. இரண்டும் தேறுகின்றன. 1906 முதல் வியாழனின் பாதையில் கண்டுபிடிக்கப்பட்டுவரும் டிரோஜன் சிறுகோள்களே சாட்சி. ஆனால் சாட்சி நிறுவல் ஆகாது.

தளத்துக்குள் மட்டும் நகரும் எல்லைப்பட்ட மூவுடல் கணக்கில் (மூன்றாம் பொருளின் நிறையைப் பொருட்படுத்தாதது) சுதந்திரக் கூறுகள் இரண்டு. ஆற்றல் மாறாப் பரப்பு மூன்று பரிமாணம், அதற்குள் கே.ஏ.எம். தேற்றம் தரும் வளையப் பரப்புகள் இரண்டு பரிமாணம். இரண்டு வளையங்களுக்கு நடுவே மாட்டிய தீர்வு வெளியேற வழியில்லை. இதுதான் மொத்தத் தந்திரம்.

விலை அதிகம். முதலில் அதிர்வெண்கள் 1:2, 1:3 என்ற ஒத்ததிர்வுகளில் இல்லை என்று பார்க்க வேண்டும். அதிர்வெண் வர்க்கங்களின் கூட்டல் 1, பெருக்கல் 6.75 × ப × (1 − ப) என்பதால் இது கையால் முடியும்: 1:2 என்றால் வர்க்கங்கள் 0.2, 0.8, பெருக்கல் 0.16; ப = 0.0243. 1:3 என்றால் ப = 0.0135. பிறகு பிர்க்காஃப் நியம வடிவத்தை (சமநிலை அருகே ஆற்றலை மிக எளிய உறுப்புகளாக மாற்றி எழுதுவது) நான்காம் படி வரை கணக்கிட்டு, அதன் மூன்று கெழுக்களால் ஆன ஒரு அணிக்கோவை பூச்சியமில்லை என்று காட்ட வேண்டும். மூன்றாம் படி உறுப்புகளை நீக்கும்போது அவை நான்காம் படிக்குள் புதிய உறுப்புகளைத் தள்ளும். அவற்றைச் சேர்க்க மறப்பதுதான் இங்கே அதிகம் நடக்கும் பிழை. தெப்ரீ தம்பதி 1967-இல் இதை முடித்தபோது அணிக்கோவை பூச்சியமாவது ப = 0.0109-இல் மட்டும் என்று தெரிந்தது. அந்த ஒரு மதிப்புக்காக ஆறாம் படி வரை போய் நிலைப்பை நிறுவ மேயரும் ஷ்மிட்டும் வர வேண்டியிருந்தது, 1986-இல். மேற்சொன்ன இரண்டு ஒத்ததிர்வு மதிப்புகளில் மட்டும் எல்-4 உண்மையிலேயே சரிகிறது, ஐகென் மதிப்புகள் கற்பனையாக இருந்தும். பூமி–நிலா மதிப்பு 0.0109-க்கும் 0.0135-க்கும் நடுவே ஒடுங்கி நிற்கிறது பாருங்கள்.

சிறுகோள் தளத்தைவிட்டு மேலும் கீழும் அசையலாம் என்றதும் சுதந்திரக் கூறு மூன்றாகிவிடுகிறது. ஐந்து பரிமாணப் பரப்பில் மூன்று பரிமாண வளையங்கள் சுவராக நிற்காது. தீர்வு இடுக்கு வழியே மெல்லக் கசியலாம். 1964-இல் ஆர்னால்ட் காட்டிய கசிவு இது. அப்போது என்றென்றைக்குமான நிலைப்பை விட்டுவிட்டு, நெகோரோஷேவ் 1977-இல் தந்த வகையில் ‘மிக மிக நீண்ட காலத்துக்கு’ என்ற மதிப்பீட்டுக்கு இறங்கி வருவதே நேர்மை.

கணினி

ஊகத்துக்குக் கணினி, நிறுவலுக்கு அன்று, ஒரு விதிவிலக்கோடு. முதலில் பொறிகள். உராய்வற்ற எளிய அலையியை ஆய்லரின் முன்னோக்கு முறையில் 0.01 படியில் 1000 அலகு நேரம் ஓட்டினால் வீச்சு 148 மடங்காகிவிடும். நிலையான ஒன்றை முறை சரித்துவிட்டது. ரூங்கே–குட்டா நான்காம் படி முறையில் 0.5 படி வைத்து 10,000 படி ஓட்டினால் வீச்சு சுமார் 35 சதவீதத்துக்குச் சுருங்கும். இல்லாத உராய்வை முறை இட்டுக்கட்டிவிட்டது. இரண்டாவது பிழை ஆபத்தானது, ஏனென்றால் படம் அழகாக இருக்கும். ஹாமில்டோனியன் அமைப்புக்கு, அதன் கட்டமைப்பைக் காக்கும் சிம்ப்ளெக்டிக் முறை, குறைந்தபட்சம் தவளைத்தாவல், பயன்படுத்தாத எந்த நீண்டகாலப் படத்தையும் நம்ப வேண்டாம்.

விதிவிலக்கு, வர்க்கக் கூட்டல் முறை. 2000-இல் பாரிலோ தன் ஆய்வேட்டில் வளர்த்த இதில், லியாபுனோவ் சார்பைப் பல்லுறுப்புக் கோவையாகக் கொண்டு, அதை வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா என்று கணினியைத் தேடவிடலாம். கிடைத்தால் அதுவே நிறுவல். சைன் போன்றவை இருந்தால் சைனையும் 1 − கொசைனையும் இரு புதிய மாறிகளாக வைத்து அவற்றின் உறவை நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும். வளர்ச்சிதான் தொல்லை: 6 மாறி, 4-ஆம் படி என்றால் 28 × 28 அணி, 12 மாறி, 6-ஆம் படி என்றால் 455 × 455. குலச் சமச்சீர் இருந்தால் அணி சிறு கட்டங்களாக உடையும், பெரிய சேமிப்பு. இன்னொன்று: கணினி தரும் விடை தசம எண்களில் தோராயமாக இருக்கும். பின்ன எண்களாக உருட்டி மறுபடி சரிபார்க்காமல் ‘நிறுவப்பட்டது’ என்று எழுதக் கூடாது.

ஒரு பம்பரத்தில் தேர்வு

எந்த வரிசையில் இவற்றைக் கையில் எடுப்பது என்பதைப் பம்பரத்தில் காட்டலாம். வேகமாகச் சுற்றும் பம்பரம் ஆடாமல் நேராக நிற்பதைத் ‘தூங்குது’ என்போம். நிறை 60 கிராம், நிறை மையம் ஆணி முனையிலிருந்து 3 சென்டிமீட்டர், தன் அச்சைச் சுற்றிய நிலைமத் திருப்புத்திறன் 110, முனையில் குறுக்கு அச்சைச் சுற்றியது 640 கிராம்–சதுர சென்டிமீட்டர் என்று கொள்வோம்.

முதலில் பூச்சியம் எண்ண வேண்டும். இங்கே இரண்டு சமச்சீர்கள்: செங்குத்தைச் சுற்றித் திருப்புவது, பம்பரத்தின் சொந்த அச்சைச் சுற்றித் திருப்புவது. நேராக நிற்கும்போது இரண்டும் ஒரே செயலாகிவிடுகின்றன. ஆகவே ஆற்றல்–உந்த முறையின் வழக்கமான சூத்திரத்தை அப்படியே போட்டால் உடையும். பலருக்கு இது கணக்கின் பாதியில்தான் தெரியவருகிறது.

அடுத்தது சரிவைத் தேடி ஐகென் மதிப்பு. சுழல் உந்தத்தின் வர்க்கம், ‘4 × குறுக்கு நிலைமத் திருப்புத்திறன் × எடை × மைய உயரம்’ என்பதைவிடக் குறைந்தால் நேர்க்குறி மெய்ப்பகுதி வருகிறது. நம் பம்பரத்துக்கு எல்லை நொடிக்குச் சுமார் 31 சுற்று. அதற்குக் கீழே சரிவு நிறுவப்பட்டாயிற்று. அந்தப் பக்கம் வேலை முடிந்தது. மேலே எல்லாம் கற்பனை, ஆகவே ஐகென் மதிப்பை மூடிவைத்துவிட்டு ஆற்றலுக்குப் போக வேண்டும். இரண்டு உந்தங்களும் சமம் என்று வைத்தால், சாய்வுக் கோணத்தின் பயனுறு நிலையாற்றல் ஒரே மாறியில் வந்துவிடும். அதன் இரண்டாம் படிக் கெழு எல்லைக்கு மேலே நேர்க்குறி. நேர்க்குறி என்பதால், சாய்ந்தால் ஆற்றல் கூடத்தான் செய்யும். கே.ஏ.எம். தேவைப்படவில்லை, கணினியும் தேவைப்படவில்லை. சுழல் வேகத்தையே தின்னும் ஆணி முனை உராய்வு மட்டும் எல்லையை நோக்கி மெல்லத் தள்ளிக்கொண்டிருக்கும். 31-க்குக் கீழே இறங்கியதும் பம்பரம் தலையாட்டத் தொடங்கும்.

சரியாக எல்லையில் நின்றால்? இரண்டாம் படிக் கெழு பூச்சியம். நான்காம் படிக்குப் போனால் கெழு, எடையை மைய உயரத்தால் பெருக்கியதில் எட்டில் ஒரு பங்கு, நேர்க்குறி. அங்கேயும் பம்பரம் தூங்குகிறது.